மோட்டாருக்குக் கால் மாற்றிய கதை

வீட்டில் ஒருவருக்கு மட்டும் இங்கிலீஷ் தெரிந்தால், இங்கிலீஷ் எழுத்து ஒட்டியிருக்கிற சகல பொருட்களும் அவர் தலையில்தான் வந்து விழும். மாத்திரை அட்டை, டி.வி. ரிமோட், கேஸ் அடுப்போடு வந்த தாள், எல்லாம். அந்தப் பொருளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. ‘படிச்சவதானே’ என்று நீட்டுவார்கள். நீட்டியதை வாங்காமல் ‘இது எனக்குத் தெரியாது’ என்று சொன்ன படித்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. (கண்ணாடியிலும் பார்த்ததில்லை.)

நான் அண்ணாமலை நகரில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். பிறந்தது குமராட்சிப் பக்கம். எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் வாய்க்கால் தண்ணீர், கொள்ளிடத்துத் தண்ணீர், மழைக்காலத்தில் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வெள்ளம். கடலைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறை பார்த்து, கால் நனைத்து, செருப்பைப் பறிகொடுத்திருந்தேன். அப்படிப்பட்டவள் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே, உப்பங்கழியை ஒட்டிய ஒரு மீனவர் ஊருக்கு மருமகளாகப் போனதற்குக் காரணம் குமரன். எங்கள் விடுதி மெஸ்ஸுக்கு மீன் கொண்டுவந்து போடுகிறவர். எத்தனையோ காதல் கவிதைகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய எனக்குக் காதல் கடைசியில் ஐஸ் பெட்டியோடு டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கியது.

என் அப்பா நிலமும் டிராக்டரும் வைத்து விவசாயம் செய்கிறவர். கல்யாணச் செய்தி தெரிந்ததும் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மாதான் அவருக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிடுவாள். கல்யாணமாகி இரண்டாவது பொங்கலும் போய்விட்டது, அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

புகுந்த வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு வந்த ஆபீசரம்மாவைப் போல என்னை நடத்தினார்கள். மீன் ஆயவிட மாட்டார்கள், முள் குத்திவிடுமாம். என் மாமனாரோ என்னிடம் நேராகப் பேசவே மாட்டார். நான் எதிரில் நின்றுகொண்டிருப்பேன், அவர் சுவரைப் பார்த்து, “சோறு ஆயிடுச்சான்னு கேளு” என்பார். சுவருக்கும் எனக்கும் நடுவில் என் மாமியார் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சேதி மாற்றிக் கொடுப்பார். மாமாவுக்குக் கோபமெல்லாம் இல்லை, வெட்கம். எம்.ஏ. படித்த மருமகளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு அப்போது அது புரியவில்லை. இந்த வீட்டில் நானும் ஒரு ஆள் என்று காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

2007-இல் கிடைத்தது.

ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசலில் நின்று, “ஒங்க வீட்டுல காலு ஒடஞ்சிடுச்சாமே” என்றார். நான் பதறிப்போய்த் தைல பாட்டிலும் பழைய வேட்டித் துணியுமாகக் கரைக்கு ஓடினேன். மாமா இரண்டு காலோடு நின்றுகொண்டிருந்தார். என் கணவரும் இரண்டு காலோடுதான் நின்றார். உடைந்தது மோட்டாரின் கால்.

சுனாமிக்குப் பிறகு ஊருக்கு வந்த ஃபைபர் போட்டுகளில் எங்களுடையதும் ஒன்று. பின்பக்கம் அவுட்போர்டு மோட்டார் தொங்கும். அதில் தண்ணீருக்குள் இருக்கிற அடிப்பகுதியைத்தான், அதாவது புரொப்பல்லரும் அதைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்களும் இருக்கிற பகுதியைத்தான், எங்கள் வீட்டில் காலு என்பார்கள். கடைக்காரர்களுக்கு அது லோயர் யூனிட். முகத்துவாரத்து மணல் திட்டில் போட்டு இடித்து, அந்தக் கால் விரிசல் விட்டு உடைந்துபோயிருந்தது. ஊரில் மோட்டார் பார்க்கிறவர் மகள் வீட்டு விசேஷம் என்று காரைக்கால் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது. இறால் படுகிற நேரம். மற்ற போட்டுகள் எல்லாம் போய்வந்துகொண்டிருக்க, மாமா கரையில் உட்கார்ந்து வலையைப் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், பழைய மோட்டார் சாமான் விற்கும் ஒரு பாய் இருந்தார். அவருக்கு போன் செய்து மாடல் விவரம் சொல்ல வேண்டும். விவரமோ மோட்டாரில் இங்கிலீஷில் இருந்தது. மாமா சுவரைப் பார்த்தார். கரையில் சுவர் இல்லாததால் கடலைப் பார்த்து, “அந்தப் புள்ளைய படிச்சிச் சொல்லச் சொல்லு” என்றார்.

மோட்டாரின் மேல் மூடியில் பெரிய ஸ்டிக்கர். அதில் இருபத்தைந்து என்று இருந்தது. அதன் கீழே ஏதோ எழுத்துகள், நம்பர்கள். நான் வகுப்பில் பாட்டுப் படிப்பதுபோல் கணீரென்று எல்லாவற்றையும் போனில் படித்தேன். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த மூடி மோட்டாரோடு சேராமல் சைக்கிள் ட்யூப் போட்டுக் கட்டியிருந்ததை நான் கவனிக்கத்தான் செய்தேன். மோட்டார் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் ஷாஃப்ட் எவ்வளவு நீளம் என்று கேட்டார். தையல் டேப்பை எடுத்துவந்து, மூடியின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு இடம் விடாமல் அளந்து சொன்னேன்.

“ஏம்மா,” என்றார் பாய் மெதுவாக, “நீங்க வெச்சிருக்கிறது போட்டா, கப்பலா?”

அப்படி அளக்கக் கூடாதாம். மோட்டார் போட்டின் பலகையில் உட்காரும் இடத்திலிருந்து, புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தட்டை வரைக்கும்தான் அளக்க வேண்டுமாம். மறுபடி அளந்தேன். பாய் திருப்தியடைந்து, அடுத்த நாளே ஒரு காலை பஸ்ஸில் போட்டு அனுப்பினார்.

சாக்கைப் பிரித்தோம். எங்கள் மோட்டாருக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால், குழந்தை அப்பாவுடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. எந்த போல்ட்டும் எந்த ஓட்டைக்கும் நேராக வரவில்லை. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அந்த மூடி இந்த மோட்டாருடையது இல்லை என்றார். சொந்த மூடி போன வருஷம் காற்றில் பறந்து கடலில் விழுந்துவிட்டதாம். இது கடலூரில் கிடைத்த வேறு மோட்டாரின் மூடியாம். மழை உள்ளே போகாமல் இருக்கத்தானே என்று வாங்கிவந்தாராம்.

என் கணவர், “ஏம்பா இத மொதல்லயே சொல்லல?” என்றார்.

“கேட்டாத்தானே சொல்றதுக்கு.”

மோட்டாரின் உண்மையான விவரம், அது போட்டைப் பிடித்திருக்கும் கவ்வியில் ஒரு சின்னத் தகட்டில் இருந்தது. அதன்மேல் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். கத்தியால் சுரண்டியதில் பெயின்ட்டோடு பாதி எழுத்தும் போய்விட்டது. மிச்சத்தை வைத்து நான் ஆராய்ச்சி செய்யத் தயாராக இருந்தேன். பாய் போனிலேயே கையெடுத்துக் கும்பிடுகிற குரலில், “நீங்க ஒண்ணும் படிக்க வேணாம்மா. ஒடஞ்சத அப்படியே கொண்டாங்க. பக்கத்துல வெச்சிப் பாத்துக்கலாம்” என்றார்.

ஆகவே நானும் என் கணவரும் இரண்டு கால்களையும் இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினோம். (படித்தவள் எதற்குக் கூடப் போனாள் என்றால், பாய் இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிட்டால்?) உடைந்த காலை என் சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்தேன். அதற்குள் இருந்த கியர் ஆயிலில் உப்புத் தண்ணீர் கலந்து வெள்ளையாகிப் போயிருந்தது எனக்குத் தெரியாது. புதுச்சத்திரம் தாண்டியதும் பின்சீட்டுப் பெரியம்மா என் தோளைத் தொட்டு, “யம்மா, ஒன் மோரு கொட்டுது பாரு” என்றார். குனிந்து பார்த்தால் பஸ் முழுக்க ஓடுகிறது. பிரேக் போட்டால் முன்னால் ஓடுகிறது, பள்ளத்தில் இறங்கினால் பின்னால் வருகிறது. கண்டக்டர் வந்து கையில் தொட்டு மோந்து பார்த்து, எங்களை இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறக்கிவிட்டார். ஆளுக்கொரு காலைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பாய் கடையில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது, நான் வாய் திறக்காததால். பாய் எங்கள் உடைந்த காலைத் தரையில் படுக்கவைத்தார். அதே உயரத்தில், அதே போல்ட் ஓட்டைகளோடு, ஷாஃப்ட் நுனியில் அதே எண்ணிக்கையில் பற்களோடு இன்னொரு காலைத் தேடி எடுத்துப் பக்கத்தில் படுக்கவைத்தார். அண்ணன் தம்பிபோல் இருந்தன. பாய் அதைச் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டு, மாட்டும் முறை இதில் இருக்கிறது என்று ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தையும் நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். என் மானம் திரும்பி வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே வீட்டை ஒட்டிய கரையோரக் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. நான் முக்காலியில் உட்கார்ந்து படித்துத் தமிழில் சொல்ல, அவர்கள் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. மாமாவோ என் கணவரோ அதற்கு முன்னால் அந்த மோட்டாரின் காலைக் கழற்றியதில்லை. ஆனால் மாமா, “இதுல என்னா பெரிய வித்த இருக்குது” என்று கடலிடம் சொல்லிக்கொண்டார். ஷாஃப்ட் நுனியில் கிரீஸ் தடவச் சொன்னேன், தடவினார்கள். தண்ணீர்க் குழாயின் முனை பம்பில் சரியாக உட்கார வேண்டும் என்றேன், உட்காரவைத்தார்கள். கீழே இருக்கிற காலை நியூட்ரலில் வைக்க வேண்டும், அதாவது புரொப்பல்லர் கையால் சுற்றினால் இரண்டு பக்கமும் லேசாகச் சுற்ற வேண்டும் என்றேன். என் கணவர் கியர் கம்பியை ஏற்றி இறக்கி, சுற்றிப் பார்த்து, சரி என்றார். அந்த வீட்டில் முதன்முறையாக என் பேச்சைக் கேட்டு இரண்டு ஆம்பிளைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மாமியார்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

அப்போது போன் வந்தது. எடுத்தால் அப்பா.

“வளர்மதி,” என்றார். அப்புறம் இருமினார். “நாளைக்கி அம்மாவக் கூட்டிக்கிட்டு அங்க வரலாம்னு இருக்குறேன். வீட்டுல இருப்பீங்கல்ல?”

இருப்போம் என்று சொன்னேனா, அழுதேனா, இரண்டும் செய்தேனா, நினைவில்லை. போனை வைத்துவிட்டு வந்து, நாளைக்கு அப்பா வருகிறார் என்று சொன்னேன். மாமியார் நேராக இறாலைப் பற்றி யோசிக்கப் போய்விட்டார். என் கணவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, பிறகு மறுபடி எடுத்தார். மாமா கையில் இருந்த போல்ட்டைத் துணியால் துடைத்தார். பிறகு, “அடுத்து என்னான்னு கேளு” என்றார்.

நான் புத்தகத்தை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. எழுத்தெல்லாம் மிதந்தன. மேலே இருக்கிற கம்பியையும் கீழே இருக்கிற கம்பியையும் கோத்து போல்ட்டை முறுக்கவும் என்று படித்தேன். கோத்தார்கள், முறுக்கினார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து, மோட்டாரை அதில் இறக்கி ஸ்டார்ட் செய்தோம். கியர் லீவர் நியூட்ரலில் இருந்தது. ஆனாலும் புரொப்பல்லர் ஜோராகச் சுற்றி, டிரம் தண்ணீரை எங்கள் மேலெல்லாம் வாரி அடித்தது. நியூட்ரலில் ஏன் சுற்ற வேண்டும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. “புதுசுல்ல, அப்படித்தான் துடிக்கும்” என்றார் மாமா. எல்லோரும் ஆமோதித்தோம்.

அப்பா வருவதால் போட்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. நாற்றமடித்த கயிறுகள், துடுப்பு, ஊன்றுகழி, கறுத்துப்போன ஸ்பானர் டப்பா எல்லாவற்றையும் இறக்கிக் கொட்டகையில் வைத்துவிட்டு, சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன். போட்டு கல்யாண மண்டபத்துத் தரைபோல் பளபளத்தது. அதில் மிஞ்சியது நான்கு பலகையும் ஒரு மோட்டாரும்தான்.

பதினோரு மணி மினிபஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கையில் முறுக்கு டின். அம்மா நேராக அடுப்படிக்குப் போய் மாமியாரோடு ஐந்தே நிமிஷத்தில் ஒட்டிக்கொண்டாள். அப்பாவும் மாமாவும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருமே பேசத் தெரியாதவர்கள். மாமா சுவரைப் பார்த்தார். அப்பாவும் அதே சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் ஒரு காலண்டர்தான் இருந்தது. வெயில் எப்படி என்று என் கணவர் கேட்டார், இருக்கிறது என்றார் அப்பா. டீ வந்தது, குடித்தார்கள். மறுபடி சுவர். அடுப்படியில் இறால் வேக நேரமாகும். இப்படியே விட்டால் அப்பா சாப்பிட்டதும் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார், அத்தோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அப்பாவ போட்டுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயி வரலாமே” என்றேன். எல்லோருக்கும் உயிர் வந்தது.

நான்கு பேர் ஏறினோம். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. முறுக்கு டின்னைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு நடுப்பலகையில் உட்கார்ந்தார். போட்டு எப்போதும் மூக்கைக் கரையில் வைத்துத்தான் நிற்கும். கிளம்பும்போது பின்னால் வந்துதான் திரும்ப வேண்டும். என் கணவர் ஸ்டார்ட் செய்ததும் போட்டு தானாகவே அழகாகப் பின்னால் நகர்ந்தது. தண்ணீர் வடிகிற நேரம், அது இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வாய்க்கால் நடுவுக்கு வந்ததும் லீவரை முன்னால் தள்ளினார். மோட்டார் உறுமியது. போட்டு அசையவில்லை. இன்னும் முறுக்கினார். கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோயிற்று, போட்டு மட்டும் அப்படியே நின்றது. நின்றது என்று நாங்கள் நினைத்தோமே தவிர, வடிகிற தண்ணீர் எங்களை மெதுவாக முகத்துவாரத்துப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

அப்பா நிதானமாக, “எடம் நல்லாருக்கு” என்றார். சவாரி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

என் கணவர் யோசிப்பதற்காக லீவரை நியூட்ரலுக்கு இழுத்தார். போட்டு விறுவிறுவென்று பின்னால் ஓடியது. முன்னால் தள்ளினால் சும்மா உறுமுகிறது. ரிவர்ஸுக்கு இழுத்தால் லீவரே நகரவில்லை. அவர் மாமாவைப் பார்த்தார், மாமா என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

ஊன்றுகழி எங்கே என்றார் மாமா. கொட்டகையில். துடுப்பு? அதுவும். கயிறு, ஸ்பானர்? எல்லாம் சுத்தமாகக் கழுவி அடுக்கி வைத்திருக்கிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். தூரத்தில் முகத்துவாரத்தில் அலை உடைகிற வெள்ளைக் கோடு தெரிந்தது. அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகம் மாறியது. ஆனால் கேட்டது ஒன்றுதான்.

“ரிவர்ஸ்ல போவுதுல்ல?”

போகிறது என்றார் என் கணவர்.

“அப்ப ரிவர்ஸ்லயே போவோம். எங்க டிராக்டர்ல ஒரு வாட்டி கியர் மாட்டிக்கிட்டு, வயல்லேர்ந்து வீடு வரைக்கும் ரிவர்ஸ்லதான் வந்தேன். ஒண்ணும் ஆவல, கழுத்துதான் வலிச்சிது.”

அதில் ஒரு சிக்கல் இருந்தது. லீவரை ரிவர்ஸில் போட்டால்தான் மோட்டாரைக் கீழே பிடித்து வைக்கும் கொக்கி விழும். எங்கள் லீவரோ நியூட்ரலில் இருந்தது. கொஞ்சம் வேகம் கொடுத்தால் மோட்டார் வாலைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை விட்டு வெளியே வந்து கத்தியது. யாராவது அதன் தலையைப் பிடித்துக் கீழே இழுத்து வைக்க வேண்டும். மாமா எழுந்து போய் ஒரு பக்கம் பிடித்தார். போதவில்லை. இரண்டாவது தடவை மோட்டார் எழும்பியபோது அப்பா முறுக்கு டின்னை என் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பலகை பலகையாகப் பிடித்துத் தவழ்ந்து போய் மறுபக்கம் உட்கார்ந்தார். மாமாவின் தோளோடு தோள் இடிக்க, சைக்கிள் ட்யூப் கட்டிய மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

“நல்லா அமுக்குங்க சம்பந்தி” என்றார்.

மாமா அமுக்கினார். அவருக்கு மூச்சு வாங்கியது. சம்பந்தி என்ற சொல் அன்றுதான் முதல் தடவையாக எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் வந்தது. நின்று ரசிக்கத்தான் நேரமில்லை. பின்பலகை தாழ்வானது. தண்ணீரை எதிர்த்துப் பின்னால் போனதால் ஒவ்வொரு அலையும் உள்ளே வந்தது. இறைத்து ஊற்ற வேண்டும், பாத்திரம் எதையும் நான் விட்டுவைக்கவில்லை. அம்மா இரண்டு நாளாகச் சுட்ட முறுக்கைப் பலகைமேல் கொட்டிவிட்டு, டின்னால் இறைத்தேன். முறுக்கு உடனே கடலுக்குப் போய்விட்டது.

வழியில் இரண்டு பேருக்கும் பேச்சு வந்துவிட்டது. கையை எடுக்க முடியாது, வேறு எங்கும் பார்க்கவும் முடியாது, முகத்துக்கு முகம் ஒரு ஜாண் தூரம். டிராக்டரின் கியர் எப்படி மாட்டியது என்று மாமா கேட்டார். அப்பா விளக்கமாகச் சொன்னார். வலை கிழிந்தால் எப்படித் தைப்பீர்கள் என்று அப்பா கேட்டார். மோட்டார் சத்தத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்கள்.

கரையில் ஊரே நின்றது. உறுமல் சத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள். நாங்கள் வாலை முன்னால் காட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். மோட்டார் தலைமேல் இரண்டு சம்பந்திகளும் கவிழ்ந்திருந்தார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டை மண்ணெண்ணெய்ப் புகையில் சாம்பல் நிறமாகியிருந்தது. ஆட்கள் இறங்கி வந்து போட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

என் மாமியார் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். “என்னாடி இது, சம்பந்தி வரும்போதே திரும்பிப் போற மாதிரி வர்றாரு?”

அப்பா சிரித்தார். அவர் சிரித்ததும் கரையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன், அவருக்குக் கடைவாய்ப் பல் இல்லை.

அப்பா மாமாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, இறாலை மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். இரண்டு மணி பஸ்ஸும் போயிற்று, நான்கு மணி பஸ்ஸும் போயிற்று. இரண்டு பேரும் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் அந்த ஜெராக்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். முதலிலிருந்து நிதானமாகப் படித்தேன். நான் போன் பேசப் போன இடத்துக்கும் திரும்பி வந்து படித்த இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது. மேலே இருக்கிற லீவரையும் நியூட்ரலில் வைத்த பிறகே கோக்க வேண்டும் என்று அது சொன்னது. எங்கள் லீவர் அப்போது முன்பக்கம் தள்ளியிருந்திருக்கிறது. அதனால் எல்லாம் ஒரு படி தள்ளிப் போய்விட்டது. முன்னால் என்றால் நியூட்ரல், நியூட்ரல் என்றால் ரிவர்ஸ்.

நான் அதைச் சொல்லி முடித்தேன். மாமா சுவர் இருந்த பக்கம் திரும்பினார். பிறகு என் பக்கமே திரும்பினார்.

“வளரு,” என்றார், “இனிமே போன் வந்தா, படிச்ச எடத்துல ஒரு வெரல வெச்சிக்கிட்டுப் போம்மா.”

அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. இப்போது சில சமயம் அந்தச் சுவரிடமே கொஞ்சம் பேசினால் தேவலை என்று தோன்றும்.

இரண்டு வருஷம் கழித்து நான் மாசமாக இருந்தேன். ஒன்பதாம் மாசம் சிதம்பரத்தில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையின் தலை மேலே இருக்கிறது, கால் கீழே இருக்கிறது, ஆபரேஷன்தான் செய்ய வேண்டியிருக்கும் என்றார். பயந்துவிடுவார்கள் என்று வெளியே இருந்த இரண்டு தாத்தாக்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பொறுமையாக விளக்கினார். மாமா முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப ரிவர்ஸ்ல வருதுங்களா?” என்று ஒன்றே ஒன்று கேட்டார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

அப்பா அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னார். “நீங்க பயப்படாதீங்க டாக்டரம்மா. எங்க வீட்டுல அப்படித்தான் வருவோம். பத்தரமா வந்து சேந்துருவோம்.”

வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு. குமராட்சியிலும் சரி, இங்கேயும் சரி, வீட்டுக்குள் அவளை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. “ரிவர்ஸு, சாப்பிட வா” என்றால்தான் வருவாள்.